திருவிருந்துப் பாத்திரத்தில் கார்பாலிக் வாசனை

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால், தென்காசிக்கு வருகிற வெளியூர்ப் பிரசங்கிமார் எல்லோருக்கும் தேவகிருபை என்றாலே அருவிதான். யாரிடமும் எதுவும் கேட்காமல் விழுகிறது, நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லை, போய் நின்றால் போதும் என்பார்கள். கேட்டுக்கொண்டிருக்கிற எனக்குக் குமட்டும். அவர்கள் விடியற்காலையில் காரில் போய்க் குளித்துவிட்டு வருகிறவர்கள். பதினோரு மணிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். எண்ணெயும் சீயக்காயும் கலந்த தண்ணீர் வடிகிற பாதையெல்லாம் வழுவழுவென்றிருக்கும். சிக்கு முடி காலில் சுற்றும். யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு நம் விரலிடுக்கைத் தொட்டுக்கொண்டு போகும். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அருவிக்குப் போகிற வழியில் கம்போடு ஒருவன் நிற்பான். வியாதிக்காரப் பிச்சைக்காரர்கள் தண்ணீர்ப் பக்கம் வந்துவிடாமல் விரட்டுவது அவன் வேலை. ஆள் பார்க்காமல் விழுகிறதாம்.

இப்படி எழுதுகிறேனே தவிர, அந்தக் கம்பு ஒரு தடவை என் கையிலும் இருந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்ல வேண்டுமா என்று இப்போதும் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

ஏழு வருஷம் ஆகிறது. என் மூத்தவளுக்கு அப்போது ஒன்பது மாதம். நான் ஆசிரியப் பயிற்சி முடித்து, கல்யாணத்துக்கு முன் இரண்டு வருஷம் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள். வேலையை விட்ட பிறகும் சபைப் பெண்களுக்கு நான் டீச்சர்தான். சுகாதாரப் பாடம் எனக்கு மிகவும் பிடிக்கும். கிருமிகளைக் கரும்பலகையில் பெரிது பெரிதாக வரைவேன். பிள்ளை பிறந்ததும் அந்தப் படங்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டன. தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைப்பேன். ஈ உட்கார்ந்திருக்குமோ என்று மறுபடி கொதிக்கவைப்பேன். பிள்ளை ஒரு தும்மல் போட்டால் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

தென்காசியில் எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து அப்பமும் திராட்சரசமும் வாங்குவது. முதலில் ஆண்கள், பிறகு பெண்கள், எட்டெட்டுப் பேராகப் பலிபீடத்து மரக் கிராதி முன்னால் முழங்கால்படியிடுவோம். ஐயர், எங்கள் பக்கத்தில் குருவானவரை அப்படித்தான் சொல்வோம், ஒரே வெள்ளிப் பாத்திரத்தை வரிசையாக ஒவ்வொருவர் வாயிலும் வைப்பார். ஒருவர் திராட்சரசத்தைக் குடித்ததும் விளிம்பை ஒரு வெள்ளைத் துணியால் துடைத்து, பாத்திரத்தைக் கொஞ்சம் திருப்பி, அடுத்தவருக்கு நீட்டுவார். சிறுவயது முதல் பார்த்துப் பழகிய காரியம். அதில் அருவருக்க ஏதாவது இருக்கிறது என்று அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

அந்த ஜூன் மாதம் அவள் வந்தாள். பதினோரு வருஷம் பெருவியாதி ஆஸ்பத்திரியில் இருந்து, குணமாகி, குற்றாலத்தில் ஒரு பங்களாவுக்குக் காவல்காரனாக இருந்த தம்பியிடம் வந்து தங்கியிருந்தாள். வியாதி இனித் தொற்றாது என்று டாக்டர் எழுதிக்கொடுத்த காகிதத்தை ரவிக்கைக்குள் மடித்து வைத்திருந்தாள். அதைக் காட்டியும் கண்டக்டர் பஸ்ஸில் ஏற்றவில்லை என்று, நடந்தே வந்து, எங்கள் சபைக் கோயில் வாசலில் நின்று அவனை உரக்க ஏசினாள். புருவம் இல்லாத முகம். நடுவில் அமுங்கிய மூக்கு. விரல்கள் இருக்க வேண்டிய இடத்தில் கட்டை கட்டையாகச் சதை. வாயில் புகையிலை.

அவள் சாதுவாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கண்ணீரோடு ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தால் நானே போய்ப் பேசியிருப்பேன் என்று நினைக்கிறேன். அவளோ எல்லோரும் தொடங்கும் முன்பே பாட்டைப் பாடினாள். ஜெபத்தின் நடுவே கொட்டாவி விட்டாள். பெஞ்சில் இடம் விடாத பெண்ணை முழங்கையால் தள்ளினாள்.

கிராதியில் அவள் எனக்கு முந்தின ஆளாக முழங்கால்படியிட்டாள். வாசலில் புகையிலையைத் துப்பிவிட்டு வந்திருந்தாள். உதட்டு ஓரத்தில் அந்தக் காவி நிறம் அப்படியே இருந்தது. குடித்தாள். ஒரு சொட்டு மோவாயில் வழிந்தது. ஐயர் துடைத்தார், திருப்பினார், என்னிடம் நீட்டினார். நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு தலையை மட்டும் சாய்த்தேன். குடிக்காமலே ஆமென் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து உப்பும் கரித்தூளும் வைத்து ஈறு எரியும்வரை வாயைத் தேய்த்தேன். என் கணவர் பள்ளிக்கூட வாத்தியார். எதையும் நிதானமாகக் கேட்பவர்.

"குணமான வியாதி ஒட்டாதுன்னு பிள்ளைகளுக்கு நீயே சொல்லிக் குடுத்ததுதான?"

"சொல்லிக் குடுத்தேன்."

"பெறகு என்ன?"

"பெறகு ஒண்ணும் இல்ல" என்று மறுபடி உப்பை எடுத்தேன்.

அடுத்த மாதத்துக்குள் எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சங்கத்தில் மூத்த அம்மாள், எங்களுக்குத் தலைவி, அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ நிதானமா எல்லாருக்கும் பெறகு வா, தாயி. கூட்டத்துல இடிபடாண்டாம்" என்றார்.  ஜூலைத் திருவிருந்தில் எல்லோருக்கும் கடைசியாகத்தான் வந்தாள். எனக்கு மூச்சு வந்தது.

ஆனால் அந்த மாதம் பாத்திரமும் துணியும் என் முறை. மாதம் ஒருவராகப் பெண்கள் அவற்றைக் கழுவித் துவைத்துத் தருவது வழக்கம். சனிக்கிழமை அந்தப் பாத்திரத்தைக் கையில் வாங்கியபோது போன மாதத்து வாய் என் கண் முன்னால் வந்தது. நடுவில் கழுவியிருக்கிறார்கள், தெரியும். தெரிந்து என்ன செய்ய? கார்பாலிக் சோப்பைச் சீவி வெந்நீரில் போட்டுப் பாத்திரத்தை ஊறவைத்தேன். துணியை அதே சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்தேன். பாத்திரத்தை ஏழெட்டுத் தண்ணீர் ஊற்றி அலசினேன். துணிதான் ஏமாற்றியது. சாரல் அடிக்கிற நாளில் எது காய்கிறது? ஈரத்தோடு இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தேன். சூட்டில் வாசனை இன்னும் நன்றாக ஏறிக்கொண்டது போலிருக்கிறது. என் மூக்குக்கு அது சுத்தத்தின் வாசனை. மடித்துச் சந்தோஷமாகக் கொடுத்தேன்.

மறுநாள் ஐயர் ஒவ்வொருவருக்கும் அந்தத் துணியால் விளிம்பைத் துடைக்கத் துடைக்க, ஒவ்வொருவர் மூக்கும் சுருங்கியது. ஆண்களில் ஒருவர் இருமினார். என் வாய்க்கு வந்தபோது திராட்சரசம் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருந்தது. குடித்தேன். எல்லோருக்கும் பிறகு அவள் வந்து, குடித்து, கொஞ்ச நேரம் பாத்திரத்தையே பார்த்துவிட்டு எழுந்து போனாள்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் கூடிவிட்டார்கள்.

"ஏ, என்ன நாத்தம்! ஆஸ்பத்திரி நாத்தம்லா அடிச்சு!"

"அடிக்காம? போன மாசம் அவ வாய் வச்ச பாத்திரம்லா. அவ போடுத மருந்து அதுல ஏறிட்டு."

"எனக்குக் கொமட்டிட்டு வந்துட்டு. கர்த்தரேன்னு கண்ண மூடி முழுங்குனேன்."

"டீச்சர், நீங்கதான கழுவுனிய? போகலையோ?"

"நல்லாத் தேச்சுத்தான் கழுவுனேன்" என்றேன்.

அது பொய் இல்லை. அதனால்தான் அது இன்னும் அசிங்கமாக இருக்கிறது. அன்று அவள் கடைசியில் குடித்தாள். வாசனை முதல் ஆளுக்கே அடித்தது. போன மாதத்து வாசனை ஒரு மாதம் வெள்ளியில் தங்குமா என்று ஒருத்திகூட யோசிக்கவில்லை. யோசித்தது நான் ஒருத்திதான். அவள் பத்தடி தள்ளிச் செருப்பு வாரைக் கட்டைக் கையால் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு அவள் காதில் விழாமல் இருக்க வழியில்லை.

வியாழக்கிழமை சங்கம் கூடியது. அவளுக்கு இனிமேல் குற்றாலத்தில் வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கும்படி ஐயருக்கு ஒரு மனு. யார் எழுதுவது? கையெழுத்து அழகாக இருப்பது டீச்சருக்கு. நான் எழுதினேன். நெடுந்தூரம் நடந்து வரும் அச்சகோதரியின் சிரமத்தை முன்னிட்டு, அவரது சௌகரியத்தை உத்தேசித்து, என்று தவறில்லாமல், அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன். எழுதும்போது வாக்கியம் நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு திருப்தி வேறு. அந்தத் திருப்தியை நினைத்தால் இப்போதும் என் மேல் எனக்கே வாந்தி வருகிறது.

எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடித்துக் காகிதம் என்னிடம் வந்தது. பேனாவைத் திறந்தேன். அப்போதுதான் சொன்னேன். தைரியத்தில் இல்லை, சொல்லிவிட்டால் மனுவே வேண்டாமென்று ஆகிவிடும் என்று தோன்றியது.

"அந்த வாசனை அவுகளால இல்ல. நான்தான் கார்பாலிக் சோப்புப் போட்டுத் துணிய அவிச்சேன்."

 எல்லோரும் சிரித்தார்கள். கூரை இடிந்து விழுகிற மாதிரி.

"நல்ல காரியம் செஞ்சிய, டீச்சர்! எங்க குடலெல்லாம் இப்ப வெள்ளையாயிருக்கும்!"

"அடுத்த தட சந்தன சோப்புப் போடுங்க. வாசமாக் குடிப்போம்."

தலைவி அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பச்சப்பிள்ளக்காரி, பயந்து போய் செஞ்சிட்டிய. கர்த்தருக்குத் தெரியாதா? கிருபை பின்ன எதுக்கு இருக்கு? விட்டுத் தள்ளுங்க. கையெழுத்தப் போடுங்க."

"மனு எதுக்கு அப்ப? நாத்தத்துக்கு அவுக காரணம் இல்லையே."

"நாத்தம் இல்லன்னா அவ வியாதிக்காரி இல்லன்னு ஆயிருமா, டீச்சர்?"

நான் கையெழுத்துப் போட்டேன். ஆம், போட்டேன். என்னை அத்தனை பேரும் மன்னித்துவிட்டு என் முகத்தையே அன்பாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, போடாமல் எப்படி எழுந்திருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

வழியெல்லாம் அந்தச் சிரிப்பு என்னோடு வந்தது. கிருபை என்பது தகுதியில்லாதவனுக்குக் கிடைப்பது என்று ஞாயிறு பள்ளியில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதோ கிடைத்துவிட்டதே, கேட்கும் முன்பே, சோப்பு ஜோக்கோடு சேர்த்து. ஏன் எனக்கு அழுகின பழத்தைக் கடித்த மாதிரி இருக்கிறது? நான் கெடுத்தது அவர்களுடைய பெயரை இல்லை, அவளுடைய பெயரை. அவர்களிடம் இல்லாததை எடுத்து எனக்குத் தாராளமாகக் கொடுத்துவிட்டார்கள். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. அவளுக்குக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஐயர் மனுவைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். சோப்பு விஷயத்தையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கதவருகே நின்ற அவருடைய மனைவிதான் பேசினார்.

"அவள கடைசியில வரச் சொல்லி வச்சிருக்கிய எல்லாரும். மிச்சத்தக் கீழ ஊத்தக் கூடாது, இவுகதான் குடிக்கணும். அது யாருக்காவது ஞாபகம் வந்துதா? எங்க வீட்லயும் பிள்ளைக இருக்கு, டீச்சர்."

வரவில்லை. ஒருத்திக்கும் வரவில்லை. எங்களைக் காப்பாற்றிக்கொள்ள அவளுடைய எச்சிலை ஐயர் தலையில் கட்டியிருந்தோம். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் குடித்திருந்தார்.

"அது கிடக்கட்டும்" என்றார் ஐயர். "வீட்டுக்குப் போயிக் குடுக்கதுல எனக்கு ஒரு தடையும் இல்ல. ஆனா அது வேணும்னு அவுக வாயால சொல்லணும். மனு எழுதுனது நீங்கதான? நீங்களே போயிக் கேட்டுட்டு வாங்கம்மா."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பிள்ளையை வீட்டில் விட்டுப் போயிருக்கலாம். பால் குடிக்கிற பிள்ளை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிள்ளையைக் காட்டினால் அவள் கோபப்பட மாட்டாள் என்ற எண்ணமும் உள்ளே இருந்திருக்கும்.

பங்களாவுக்குப் பின்னால் ஓட்டுச் சாய்ப்புதான் தம்பி வீடு. அவள் வாசலில் உட்கார்ந்து மங்குஸ்தான் பழங்களைச் சாக்கில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வா, டீச்சரு. யாரு அனுப்புனா? சங்கமா, ஐயரா?"

"ஐயர்தான்." அதுவரை அவளை நான் எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. "அக்கா, அந்த வாசனை..."

"கார்பாலிக். அதுக்கென்ன?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"பதினோரு வருசம் அந்த சோப்புல குளிச்சவகிட்ட கேக்க கேள்வியா இது? சட்டி, பாய், சேல எல்லாம் அந்த நாத்தந்தான். பாத்திரம் வாய்கிட்ட வரவும், ஏ நம்ம வீட்டு வாசன இங்கன எப்படி வந்துன்னு நெனச்சேன். ஜூன் மாசம் நீ குடிக்கல, அதுவும் தெரியும். பல்லக் கடிச்சிட்டுல்லா இருந்த."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. அவுக உங்களச் சொன்னாவளே."

"டீச்சரு சோப்புப் போட்டான்னு நான் சொன்னா எவ நம்புவா? நீ நம்புவியா?"

மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவள் புகையிலையை முற்றத்தில் துப்பினாள். என் சேலை ஓரத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது.

"சங்கத்துல சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாளுவ?"

"சிரிச்சாவ. பரவாயில்லன்னு சொன்னாவ."

"அங்கன ஒரு தடவ மன்னிப்பு வாங்கியாச்சுல்லா. சவம், எங்கிட்ட ரெண்டாவது எதுக்கு?"

 அழுதிருக்கிறேன் போலிருக்கிறது.

"ஏட்டி, அழாத. பிள்ள முழிக்குது பாரு. சரி, போட்டும் போ. விட்டாச்சு."

அவ்வளவுதான். எரிச்சலோடு, குப்பையை வெளியே எறிகிற மாதிரி எறிந்தாள். இதற்கு நான் தகுதியானவள் இல்லை. அவளுக்கும் என்னைப் பிடிக்கவில்லை. நிம்மதியும் வரவில்லை. வேறொருத்தியின் பழைய சேலையை உடுத்திக்கொண்டு நிற்பது போல உடம்பு கூசியது. ஆனால் சங்கத்தில் கிடைத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் எனக்கு அந்த நிமிஷமே தெரிந்தது. இது கொடுக்க உரிமை உள்ளவள் கொடுத்தது.

வீட்டிலேயே திருவிருந்து விஷயத்தைக் கேட்டேன். கேட்டுத்தான் ஆக வேண்டியிருந்தது.

"நான் மட்டும் தனியா உக்காந்து விருந்து திங்கவா? பதினோரு வருசம் தனியாத் தின்னாச்சு. வருவேன்னு சொல்லு. நடக்க முடியுத வரைக்கும் வருவேன். கடைசியிலயும் வர மாட்டேன், ஐயரு பாவம். நடுவுலதான் வருவேன். இஷ்டம் இல்லாதவ எந்திச்சுப் போட்டும்."

சொல்லிக்கொண்டே ஒரு பழத்தை இரண்டு கட்டைக் கைகளுக்கு நடுவில் வைத்து அமுக்கினாள். தோல் பிளந்தது. வெள்ளைச் சுளை ஒன்றைக் கையால் தள்ளி எடுத்துப் பிள்ளையிடம் நீட்டினாள். பிள்ளை ஆவென்று வாயைத் திறந்தது.  மறுப்பதா, கொடுக்கவிடுவதா என்று நினைக்கவே நேரம் இல்லை. சட்டென்று குனிந்து அந்தச் சுளையை நானே என் வாயில் வாங்கிக்கொண்டேன்.

அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். "பிள்ளைக்குக் குடுத்தா ஆத்தா முழுங்கிட்டா! செத்துர மாட்ட, பயப்படாத!"

இனிப்பாகத்தான் இருந்திருக்கும். எனக்குத் தெரிந்தது அவள் கையின் உப்பும் புகையிலையும்தான். விழுங்கினேன்.

ஐயரிடம் பதிலைச் சொன்னேன். அவர் மனுவைத் திருப்பிக் கொடுத்தார். சங்கத்தில் யாரும் என்னோடு சண்டை போடவில்லை. "டீச்சருக்குக் கேக்கத் தெரியல" என்று மட்டும் பேசிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் முதல் ஞாயிறு அவள் பெண்களின் இரண்டாவது வரிசையில், சொன்னபடி நடுவில் போய் முழங்கால்படியிட்டாள். அவளுக்கு அடுத்து இருந்த பெண் சேலையைச் சரிசெய்வது போல எழுந்து பின்னால் வந்துவிட்டாள். அந்த இடம் காலியாகவே கிடந்தது. ஐயர் பாத்திரத்தோடு அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார். பிள்ளையை என் கணவரிடம் கொடுத்தேனா, அவரே வாங்கிக்கொண்டாரா, நினைவில்லை. போய் அந்த இடத்தில் முழங்கால்படியிட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குடித்தாள். ஐயர் துடைத்தார், திருப்பினார். நான் வாயைத் திறந்தேன்.

அன்பினால் போனேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். குடிக்கும்போது குடலைப் புரட்டியது. இன்றும் மாதா மாதம் அவள் வருகிறாள், எனக்கு இன்றும் புரட்டுகிறது. கிருபை வந்தால் அருவருப்புப் போய்விடும் என்று யார் பிரசங்கம் செய்தாலும் நான் நம்புவதில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் பிள்ளை பாலுக்கு அழுதது. அதைத் தொட்டிலில் அழவிட்டுவிட்டு, பின்கட்டில் நின்று மூன்று செம்பு தண்ணீரில் வாய் கொப்பளித்தேன். அதன் பிறகுதான் தூக்கினேன்.